தராசைப் பிடிக்கும் கை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (வேதியியல்)

விற்பவர் தம் சரக்கைப் புகழ்வது உலக வழக்கு. கத்தரிக்காய் விற்கும் பாட்டி, "என் கூடையில் பூச்சி இருக்கிறது" என்று கூவி விற்பதில்லை. அதை நாம் குற்றமாகக் கொள்வதும் இல்லை. அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு, மீதியைக் கையால் அழுத்திப் பார்த்து வாங்குகிறோம். ஆனால் பக்கத்தில் நிற்கும் மூன்றாம் மனிதர் ஒருவர், "நல்ல காய், நம்பி வாங்கலாம்" என்று சொன்னால், அழுத்திப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். அவருக்கு இதில் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்று நம்புகிறோம். பொருள்களைப் பற்றி மதிப்புரை எழுதும் பத்திரிகைகளுக்கும், இன்று காணொளியில் பேசும் விமர்சகர்களுக்கும் அந்த நம்பிக்கைதான் முதல். ஆனால் பாட்டியின் சுருக்குப் பையிலிருந்து அந்த மூன்றாம் மனிதருக்கு ஏதேனும் போயிருந்தால்? இக்கட்டுரையின் பொருள் இந்தக் கேள்விதான்.

மேசை மீது விரித்த தோல்

என் தந்தையார் வாணியம்பாடியில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பிரிக்கும் பகுதியில் வேலை செய்கிறார். 'அசார்ட்டிங்' என்று அங்கே சொல்வார்கள். பதனிட்டு முடித்த தோலை வெளிச்சம் நன்றாக விழும் மேசையில் விரிப்பார். உள்ளங்கையால் ஒருமுறை தடவுவார். உண்ணி கடித்த புள்ளி, முள்வேலி கிழித்த கோடு, உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு, சூடு போட்ட தழும்பு ஆகியவை எல்லாம் அவர் கைக்குத் தெரியும். ஆட்டின் வாழ்நாள் முழுவதும் அந்தத் தோலில் எழுதியிருக்கிறது என்பார். முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று அடுக்கு அடுக்காகப் பிரித்து வைப்பார். ஓர் அடுக்கு இறங்கினால் சதுர அடிக்கு விலையும் இறங்கும்.

இவ்வளவு அனுபவமுள்ளவர்கள் பிரித்து வைத்த சரக்கை வாங்குபவர் அப்படியே ஏற்றிக்கொண்டு போவதில்லை. தம் சார்பில் ஓர் ஆய்வாளரை அனுப்புகிறார். அவர் வந்து அடுக்கைக் கலைத்து, மீண்டும் தடவிப் பார்த்த பின்புதான் சரக்கு நகரும். சிறுவனாக இருந்தபோது இது எனக்குத் தந்தையாரை அவமதிப்பதாகத் தோன்றியது. ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"எங்க கண்ணு சரியில்லைன்னா அந்த ஆளை அனுப்பறாங்க? இல்லப்பா. எங்க சம்பளம் இங்கேருந்து வருது. அவன் சம்பளம் அங்கேருந்து வருது. அவ்வளவுதான்."

பத்தாம் வகுப்பைத் தாண்டாத என் தந்தையார் சொன்ன இந்த விளக்கத்தைவிடத் தெளிவான ஒன்றை நான் படித்த எந்த நூலிலும் இதுவரை காணவில்லை. அவர் இங்கே யாரையும் பொய்யர் என்று சொல்லவில்லை. திறமையும் நேர்மையும் உள்ளவரின் தராசுகூட, கூலி வரும் பக்கம் ஒரு மயிரிழை சாயக்கூடும் என்பதைத் தொழில் அறிந்த ஊர் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதற்கு மாற்றாக ஓர் ஏற்பாடும் செய்து வைத்திருக்கிறது. வெளிநாட்டுக் காலணி நிறுவனத்துக்கு ஆய்வாளர் உண்டு. சரி, ஒரே ஒரு பொருளை வாங்க வரும் ஏழைக் குடும்பத்துக்கு ஆய்வாளர் யார்?

இரண்டு கண்ணாடிக் குவளைகள்

எங்கள் வட்டாரத்தின் தண்ணீரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனது என்ற கணக்கு, 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் அளித்த தீர்ப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது. எங்களுக்குச் சோறு போடும் தொழிலே கிணற்றையும் உப்பாக்கியது. ஆகவே குடிநீர் சுத்திகரிக்கும் கருவி எங்கள் தெருவில் ஆடம்பரப் பொருளன்று. அதை விற்க வருபவருக்கும் இது தெரியும்.

சென்ற ஆண்டு எங்கள் எதிர்வீட்டு அக்காவிடம் விற்பனைப் பிரதிநிதி ஒருவர் வந்தார். அக்கா காலணித் தொழிற்சாலையில் மேல்தோல் தைக்கிறார். கருவியின் விலை பதினைந்தாயிரம் ரூபாய், மாதத் தவணை. இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுத்து வைத்தார் அந்த இளைஞர். ஒன்றில் அக்கா வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர். மற்றதில் தாம் கொண்டுவந்த சுத்திகரித்த நீர். உலோகத் தண்டுகள் பொருத்திய சிறு கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரம் கொடுத்தார். சற்று நேரத்தில் கிணற்று நீர் பழுப்பேறி, சேறுபோல் நுரைத்தது. மற்றக் குவளை பளிங்குபோல் இருந்தது. "இதைத்தான் அக்கா உங்க பிள்ளை குடிக்குது" என்றார். அக்காவின் முகம் வெளிறிவிட்டது.

வேதியியல் படிக்கும் எவருக்கும் இது மின்னாற்பகுப்பு என்று தெரியும். அந்தப் பழுப்பு நிறம் கிணற்றிலிருந்து வந்ததன்று. இரும்புத் தண்டிலிருந்து வந்தது. நீரில் உப்புகள் கரைந்திருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் நேர்மின்வாயாக உள்ள இரும்பு கரையும். கரைந்த இரும்பு ஹைட்ராக்சைடாக மாறிப் பழுப்பு வண்டலாகப் படியும். சுத்திகரித்த நீரில் உப்பு மிகக் குறைவு, ஆகவே மின்சாரம் ஏறக்குறையப் பாய்வதில்லை, தண்டும் கரைவதில்லை. நீர் தெளிவாக நிற்கிறது. உடலுக்கு நன்மை செய்யும் கால்சியம் கரைந்த நீரானாலும் இந்தச் சோதனையில் சேறாகத்தான் தெரியும். கிருமிகள் நிறைந்த நீரானாலும், உப்பு குறைவாக இருந்தால் பளிங்காகத் தெரியும்.

"அண்ணே, அந்தச் சுத்தமான தண்ணியில ஒரு சிட்டிகை சமையல் உப்பு போட்டுக் காட்டுங்களேன்" என்றேன். அவர் தயங்கினார். அக்கா உப்பு டப்பாவைக் கொண்டுவந்து நீட்டிவிட்டார். உப்பு போட்டதும் அந்தக் குவளையும் பழுத்தது.

"அப்போ நான் தினம் குழம்புல போடற உப்பும் விஷமா?" என்று அக்கா கேட்டார்.

"எனக்கு இப்படித்தான் அக்கா சொல்லிக் கொடுத்தாங்க" என்றார் அந்த இளைஞர். அவருக்கும் என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். விற்றால்தான் அவருக்குச் சம்பளம். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. விற்பவர் விற்கத்தானே வந்தார்?

அன்றிரவு அக்கா கைப்பேசியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "தம்பி, இதுல விமர்சனம் பண்றவங்க எல்லாம் என்ன சொல்றாங்கன்னு பாரு" என்றார். ஒன்பது காணொளிகளைப் பார்த்தோம். நான்கில் அதே இரண்டு குவளைகள், அதே சேறு! பெரும்பாலானவற்றின் கீழே கருவியை வாங்குவதற்கான இணைப்பு இருந்தது. அந்த வழியாக வாங்கினால் காணொளி வெளியிட்டவருக்குத் தரகு உண்டு. கருவி தமக்கு இலவசமாக வந்தது என்று வெளிப்படையாகச் சொன்னவர் ஒருவரே. உள்ளே உள்ள சவ்வை மாற்ற எவ்வளவு ஆகும், ஒரு குடம் நல்ல நீருக்கு எத்தனை குடம் நீர் வெளியே போகும், பழுதானால் வாணியம்பாடிக்கு வந்து பார்ப்பவர் உண்டா ஆகிய மூன்றும் அக்காவின் கேள்விகள். ஒன்பது பேரில் ஒருவரும் இவற்றுக்கு விடை சொல்லவில்லை. கருவியின் நிறத்தையும் விளக்கையும் எல்லோரும் வர்ணித்தார்கள்.

பின்னர், கட்டணம் கட்டித் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கிணற்று நீரைச் சோதிக்கக் கொடுத்தோம். கரைந்துள்ள திடப்பொருள் லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 என்ற தரக் குறியீடு ஏற்கத்தக்க அளவு 500 என்கிறது. வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் 2000 வரை பொறுக்கலாம் என்கிறது. 500-க்குக் குறைவான நீருக்கு எதிர்ச் சவ்வூடு பரவல் முறையிலான கருவி தேவையில்லை என்பதே 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொண்ட நிலை. ஆக, அக்கா வீட்டுக்குக் கருவி தேவைதான்!

இங்கேதான் நான் நெடுநேரம் யோசித்தேன். விற்பனையாளர் சொன்ன முடிவு சரி. காட்டிய சோதனை பொய். முடிவு சரிதானே, வழி எப்படியிருந்தால் என்ன என்று கேட்கலாம். ஆனால் அதே இரண்டு குவளைகள் 200 மில்லிகிராம் உள்ள ஊரிலும் கிட்டத்தட்ட இதே காட்சியைத்தான் காட்டும். யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பிரித்துச் சொல்லாத சோதனை சோதனையாகாது. என் தந்தையார் எல்லாத் தோலையும் முதல் தரம் என்று அடுக்கி வைத்தால் அவருக்குச் சம்பளம் எதற்கு?

பத்திரிகைகள் பட்ட பாடு

இந்தச் சிக்கல் காணொளிக் காலத்தில் பிறந்ததன்று. பத்திரிகைக்கு இரண்டு வருமானங்கள் உண்டு: ஒன்று வாசகர் தரும் காசு, மற்றது விளம்பரதாரர் தரும் காசு. இரண்டாவது பெருகும்போது முதல் எசமானர் யார் என்ற ஐயம் எழுகிறது. காந்தியடிகள் தமது 'யங் இந்தியா', 'நவஜீவன்', 'ஹரிஜன்' இதழ்களை விளம்பரம் வாங்காமலே நடத்தினார். எல்லோராலும் அது முடியாது என்பதும் உண்மையே. காகித விலைக்கும் அச்சுக் கூலிக்கும் வாசகர் தரும் காசு போதாது.

தமிழ்நாட்டுக்கு நன்கு தெரிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. விளம்பரத் தொழிலில் ஈடுபட்டிருந்த எஸ்.எஸ். வாசன் 1928-ல் 'ஆனந்த விகடன்' இதழை வாங்கினார். பின்னர் ஜெமினி ஸ்டூடியோவை நிறுவி 1948-ல் 'சந்திரலேகா'வை வெளியிட்டார். படம் எடுப்பவரும் பத்திரிகை நடத்துபவரும் ஒருவரே. ஆனால் அதை அவர் மறைக்கவில்லை, நாடே அறியும். ஆகவே வாசகர் தமக்கு வேண்டிய அளவு கழித்துப் படிக்க முடிந்தது. அதே விகடன் பிற்காலத்தில் திரைப்படங்களுக்கு மதிப்பெண் போடும் வழக்கத்தைக் கொண்டது. 1977-ல் வந்த 'பதினாறு வயதினிலே' பெற்ற 62.5 இன்றும் பேசப்படுகிறது. நூற்றுக்கு அறுபத்திரண்டரை வாங்கியதை ஏன் பெருமையாகப் பேச வேண்டும்? மற்றப் படங்களுக்கு நாற்பதும் நாற்பத்தைந்துமாகக் கை இறுக்கிப் போட்டதால்தான். எல்லாப் படத்துக்கும் தொண்ணூறு போட்டிருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பு ஏது?

மேல்நாட்டில் வேறொரு வழி கண்டார்கள். அமெரிக்காவில் 1936-ல் தொடங்கிய நுகர்வோர் சங்கம் ஒன்று, 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்ற இதழை வெளியிட்டு வருகிறது. சோதிக்கும் பொருளை நிறுவனத்திடமிருந்து இலவசமாகப் பெறுவதில்லை. சாதாரண வாடிக்கையாளர்போல் கடையில் விலை கொடுத்து வாங்குகிறது. தன் இதழில் பிறர் விளம்பரத்தை ஏற்பதில்லை. செலவைச் சந்தாதாரர் சுமக்கின்றனர். இங்கிலாந்தில் 1957-ல் 'விச்?' என்ற இதழ் இதே வழியில் தோன்றியது. செருமனியில் 1964-ல் அரசே பொருட்சோதனைக்கென ஓர் அறக்கட்டளையை அமைத்தது. எங்கள் ஊர்த் தோல் மேசையின் நியாயம்தான் இது. ஆய்வாளரின் சம்பளம் வாங்குபவர் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்பதை அவர்களும் கண்டுகொண்டார்கள்.

நம் நாட்டிலும் முயற்சி இல்லாமல் இல்லை. 1978-ல் அகமதாபாத்தில் பேராசிரியர் மனுபாய் ஷா நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையத்தை நிறுவினார். பொருள்களை ஒப்பிட்டுச் சோதிக்க அதற்குச் சொந்த ஆய்வகமும், முடிவுகளை வெளியிட இதழும் உண்டு. அவர் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் கட்டண முறையைக் குறை கூறி ஆய்வறிக்கை எழுதினார். கழகத்தைச் சேர்ந்த ஒருவர் 'தி இந்து' நாளிதழில் மறுப்பு எழுதினார். அதே நாளிதழ் ஷாவின் பதிலையும் வெளியிட்டது. கழகம் அந்த மறுப்பை மட்டும் தன் சொந்த இதழான 'யோகக்ஷேமா'வில் மறுபதிப்புச் செய்தது. ஷாவின் பதிலுக்கு இடம் தர மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பொதுப் பணத்தில் நடக்கும் நிறுவனம் ஒரு பக்கத்தை மட்டும் அச்சிட்டு மறுபக்கத்தை மறைப்பது பேச்சுரிமைக்கு முரண் என்று 1992-ல் தீர்ப்பாயிற்று. விற்பவரின் இதழ் என்றாலே அது விற்பவரின் குரல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இடையில் செய்தியே விலைக்கு வந்துவிட்டது. காசு வாங்கிக்கொண்டு செய்திபோல் வெளியிடும் வழக்கம் பற்றி 2009 தேர்தலுக்குப் பின் பெரும் கூக்குரல் எழுந்து, 2010-ல் இந்தியப் பத்திரிகை மன்றம் விசாரித்து அறிக்கை தந்தது. சட்டமும் மெல்ல வந்து சேர்ந்திருக்கிறது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022 சூனில் வெளியான நெறிமுறைகள், பரிந்துரைப்பவருக்கும் நிறுவனத்துக்கும் உள்ள தொடர்பை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்கின்றன. தவறான விளம்பரத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் ஐம்பது இலட்சம் வரையும் தண்டம் உண்டு. 2023 சனவரியில் காணொளிப் பிரபலங்களுக்கெனத் தனி விளக்கமும் வந்தது. நல்லதுதான். ஆனால் "இது விளம்பரம்" என்று ஒரு மூலையில் எழுதிவிடுவதால் அக்காவின் மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடாது.

ஐந்நூறு ரூபாய்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதனால் தெருவில் எனக்கு ஒரு தனி மதிப்பு ஏற்பட்டிருக்கிறது. வங்கிக் கடிதம், மருத்துவச் சீட்டு, மின்கட்டணச் செய்தி எல்லாம் என் கைக்கு வருகின்றன. உப்புக் கதை பரவிய பிறகு, என்ன கருவி வாங்கலாம் என்று கேட்டு ஏழெட்டு வீட்டார் வந்தனர்.

அக்கா வேறொரு கருவியை வாங்கினார். விலை குறைவு, பழுது பார்ப்பவரும் உள்ளூரிலேயே இருக்கிறார். கழியும் நீரை வாளியில் பிடித்துப் பாத்திரம் துலக்குகிறார். அந்தக் கருவியை விற்ற கடைக்காரர் ஒருநாள் என்னைத் தேநீர்க் கடைக்கு அழைத்தார். "தம்பி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அந்தத் தெருவே வாங்கும். ஒரு மெஷினுக்கு ஐந்நூறு ரூபா உங்களுக்கு. நல்ல பொருளைத்தானே சொல்லப் போறீங்க?" என்றார்.

அவர் கேட்டதில் பொய் ஏதும் இல்லை. பொருள் நல்லதுதான். நான் காசில்லாமலே அதைத்தான் பரிந்துரைத்துக்கொண்டிருந்தேன். ஏழு வீடென்றால் மூவாயிரத்து ஐந்நூறு. ஆய்வகக் குறிப்பேடு, பேருந்துச் செலவு, தேர்வுக் கட்டணம் அனைத்தும் அதில் அடங்கிவிடும். அம்மாவிடம் கை நீட்ட வேண்டியதில்லை.

வீட்டில் சொன்னேன். தந்தையார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்: "நாளைக்கு அந்த மெஷினு கெட்டுப்போவுது. எட்டாவது வீட்டுக்காரி வந்து கேக்கறா. அப்ப என்ன சொல்லுவ?"

அந்த எட்டாவது வீடுதான் எல்லாம். காசு வாங்கிய நாளில் நான் சொல்வது உண்மையாகவே இருக்கும். உண்மை மாறும் நாளில் என் நாக்கு அதனோடு மாறுமா என்பதே கேள்வி. முதல் ஏழு வீட்டுக்குச் சொன்ன நல்ல வார்த்தைக்கல்ல, எட்டாவது வீட்டுக்குச் சொல்லாமல் விடப்போகும் கெட்ட வார்த்தைக்குத்தான் விலை பேசப்படுகிறது. பத்திரிகைக்கு வரும் விளம்பரமும் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்யும் என்று நினைக்கிறேன். 'பொய் எழுது' என்று யாரும் ஆணையிடுவதில்லை. எழுதவேண்டிய ஒரு வரி எழுதப்படாமல் போகிறது, அவ்வளவே.

மறுநாள் கடைக்காரரிடம், "காசு வேண்டாம்ணே. அந்த ஐந்நூறை விலையில குறைச்சிக் குடுங்க" என்றேன். சிரித்தார். விலையைக் குறைக்கவில்லை. என்னைப் பிழைக்கத் தெரியாத பிள்ளை என்று வேறு சிலரிடம் சொன்னதாகவும் கேள்வி.

மாணவ நண்பர்களே!

நம்மில் பெரும்பாலோர் எழுத்தறிவு குறைந்த வீடுகளிலிருந்து வருகிறோம். நம் வீட்டாரும் அண்டை வீட்டாரும் நம்மைத்தான் 'படித்த பிள்ளை' என்று கேட்கிறார்கள். விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நாம் ஒவ்வொருவரும் ஒரு சிறு மதிப்புரைப் பத்திரிகையே! வள்ளுவர் நடுவு நிலைமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தபோது தராசையும் நினைத்தார், வணிகரையும் நினைத்தார். அது நீதிபதிக்கு மட்டும் சொன்னதன்று.

ஒரு பொருளைப் பற்றிய புகழ்ச்சியைப் படிக்கும்போது மூன்றைப் பார்ப்போம். எழுதியவருக்குக் காசு எங்கிருந்து வருகிறது? அவர் இதுவரை எதையேனும் 'வேண்டாம்' என்று சொன்னதுண்டா? அவர் காட்டும் சோதனை, நல்லதையும் கெட்டதையும் பிரித்துக் காட்டக்கூடியதா? நம் கல்லூரி ஆய்வகத்தில் கற்ற சிறு பாடங்கள் மூன்றாம் கேள்விக்கு மிகவும் உதவும். நுகர்வோர் மன்றம் உள்ள கல்லூரிகள் பல. ஊர் ஊராக நீரைச் சோதித்து, எந்தத் தெருவுக்கு எந்தக் கருவி வேண்டும், எந்தத் தெருவுக்கு எதுவுமே வேண்டாம் என்று ஒரு பட்டியல் தயாரித்தால், அது ஒன்பது காணொளிகளைவிட மேலான பணியாகும். வேதியியல் துறைப் பேராசிரியர்கள் வழிகாட்டினால் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கலாம். நீர்க் குப்பிகளைச் சேகரித்துக் கொண்டுவரும் வேலையை நான் ஏற்கிறேன்.